மூன்று பவுன் விடுதிக் கணக்கு

ஊர் விட்டு ஊர் சென்று பிழைப்பவர் உள்ளத்தில் முதலில் எழும் கேள்வி, இன்றிரவு எங்கே தங்குவது என்பதே. அதற்கு என்ன கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையாக வாழ்ந்துவரும் தமிழன்பர்கள், தாம் அந்நகரங்களில் முதன்முதலாக வந்து இறங்கிய நாளைச் சற்றே நினைவுகூர்ந்தால், இவ்விரு கேள்விகளும் அன்று தம்மை எவ்வளவு அலைக்கழித்தன என்பதை உணர்வர். பெட்டியும் படுக்கையுமாக ரயிலைவிட்டு இறங்கி, தெரிந்தவர் ஒருவரின் முகவரிச் சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு, மொழி தெரியாத வண்டிக்காரனோடு பேரம் பேசிய அனுபவம் பலருக்கு உண்டு. நாமும் அவ்வாறு ஒரு நகரில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியொன்றில், நாள் வாடகை என்னவென்று கேட்கக் கூசி அறை எடுத்துக்கொண்டு, மறுநாட் காலையில் கணக்குச் சீட்டைக் கண்டு திகைத்து நின்றோம். உள்நாட்டிலேயே இவ்வாறெனில், கடல் கடந்து சென்றவர் நிலையைக் கேட்க வேண்டுவதில்லை.

அயல்நாடு சென்ற இந்தியர், தங்கும் இடத்திற்கு எவ்வளவு செலவிட்டனர், எவ்வளவு செலவிடலாம் என்று எங்ஙனம் தீர்மானித்தனர் என்பதை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அவர்கள் கலந்துகொண்ட மாநாடுகளையும் பெற்ற பட்டங்களையும் கூறும். விடுதிக் கணக்கைக் கூறா. ஆனால் ஒருவருடைய கணக்கு மட்டும் நமக்கு நன்றாகக் கிடைத்திருக்கிறது. தம் வாழ்வில் செலவான ஒவ்வொரு காசையும் எழுதி வைத்தவர் அவர்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். பத்தொன்பதாவது வயது நிறையும் தறுவாயில் இருந்தார். பாரிஸ்டர் படிப்புக்கு நாலைந்தாயிரம் ரூபாய் ஆகும் என்று குடும்ப நண்பர் ஒருவர் மதிப்பிட்டிருந்தார். அத்தொகை கையில் இல்லை. மனைவியின் நகைகளை விற்றால் இரண்டு மூவாயிரம் ரூபாய் கிடைக்கும் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது. எஞ்சியதை எப்படியாவது தேடித் தருவதாகத் தமையனார் பொறுப்பேற்றுக்கொண்டார். இத்தகைய பணத்தை இடுப்பிற் கட்டிக்கொண்டு செல்லும் இளைஞன் லண்டனில் இறங்கியதும் எங்கே தங்க வேண்டும்? மலிவான இடத்தில் என்று நாம் எளிதாகக் கூறிவிடுவோம். நடந்தது வேறு.

கப்பலில் உடன் வந்த யாரோ ஒருவர், விக்டோரியா ஹோட்டலுக்குச் செல்லுங்கள் என்று யோசனை கூறினார். காந்தியும், ஜூனாகத்திலிருந்து வந்த வக்கீலாகிய மஜும்தார் என்பவரும் அவ்வாறே சென்றனர். அது நார்தம்பர்லாந்து அவென்யூ என்ற பெருவீதியில், ஓராண்டுக்கு முன்னர், 1887-இல் திறக்கப்பெற்ற மாளிகை. மின்விளக்கு எரிந்த இடம். ஐந்நூறு பேர் தங்கக்கூடியது. அத்தனை பேருக்கும் குளியலறை நான்கே என்பதும் அக்காலத்திய ஆங்கிலேயரின் நாகரிகத்தைப் பற்றி நாம் அறிந்துகொள்ளத்தக்கது! நாள்தோறும் நீராடிப் பழகிய குஜராத்தி இளைஞர் அங்கே எப்படிச் சமாளித்தார் என்பது தெரியவில்லை.

விடுதிக்குள் நுழைந்த காட்சியை அவரே அக்காலத்தில் எழுதிய லண்டன் நாட்குறிப்பில் விவரித்திருக்கிறார். அந்நாட்குறிப்பு முழுவதும் இன்று கிடைக்கவில்லை. சில பக்கங்களே எஞ்சியுள்ளன. நல்லூழாக இப்பகுதி அவற்றுள் ஒன்று. முதல் வகுப்பில் பயணம் செய்த அப்துல் மஜீத் என்பவரும் அவர்களுடன் வந்தார். அவர் மிகுந்த தோரணையோடு, வண்டிக்காரனுக்கு உரிய கூலியைக் கொடுத்தனுப்புமாறு விடுதிச் சேவகனுக்குக் கட்டளையிட்டாராம். அவர் அணிந்திருந்த உடையோ அந்தச் சேவகனுடைய உடையைவிட மட்டமாக இருந்தது என்று காந்தி குறும்பாகக் குறித்திருக்கிறார். பின்னர் மேலாளர் வந்தார். இரண்டாம் மாடியில் அறை வேண்டுமா என்று வினவினார். நாள் வாடகை என்ன என்று கேட்பது தமது கௌரவத்திற்குக் குறைவு என்று எண்ணிய மஜும்தார், ஆம் என்று சொல்லிவிட்டார். உடனே ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்ற சீட்டு கைக்கு வந்தது.

இதைப் படிக்குந்தோறும் நமக்குச் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் உண்டாகிறது. வாடகையைக் கேட்கக் கூசுவது மஜும்தாருக்கு மட்டும் உரிய குறையன்று. கேட்டால் ஏழை என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம், பணம் குறைவாக உள்ளவனிடமே மிகுதியாக இருக்கிறது. செல்வன் தயங்காமல் கேட்கிறான். மிகுதி என்றால் வேறிடம் போய்விடுகிறான்.

அடுத்து நடந்தது சிறு வேடிக்கை. சேவகன் ஒருவன் அவர்களை ஒரு சிறு அறைக்குள் அழைத்துச் சென்று கதவை மூடினான். சற்று நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அறை போலும் என்று காந்தி நினைத்துக்கொண்டார். கதவு திறந்தபோது இரண்டாம் மாடி! மின்தூக்கியை அவர் முன்பு கண்டதில்லை.

அன்று சனிக்கிழமை. மூட்டை முடிச்சுகளை எல்லாம் கிரிண்ட்லே கம்பெனியின் பொறுப்பில் விட்டிருந்தனர். ஞாயிற்றுக்கிழமை அவை கிடைக்கமாட்டா என்று தெரிந்தது. கரை இறங்கும்பொழுது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணி அவர் வெள்ளைப் பிளானல் உடை அணிந்திருந்தார். இலையுதிர் காலத்து லண்டனில் வெள்ளுடை உடுத்தியவர் அவர் ஒருவரே. மாற்றுடை பெட்டிக்குள் இருந்தது. இனி உணவைப் பற்றிக் கேட்க வேண்டுமா? புலால் உண்பதில்லை என்று அன்னையிடம் செய்த சபதம் ஒருபுறம். உப்புச் சப்பற்ற காய்கறிகள் மற்றொருபுறம். ஒன்று பிடிக்கவில்லை என்று வேறொன்று கேட்டார். அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. உண்மையில் அவர் உண்டது பம்பாயிலிருந்து கொண்டுவந்த தின்பண்டங்களையே.

திங்கட்கிழமை கணக்குத் தீர்த்தார்கள். காந்தியின் பங்கு மூன்று பவுன். பிற்காலத்தில், 1925 முதல் வெளிவந்த சத்திய சோதனையில், அத்தொகையைக் கண்டு தாம் அதிர்ந்து போனதாகவும், அவ்வளவு கொடுத்தும் ஏறக்குறையப் பட்டினியே கிடந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

இவ்விரு நூல்களையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வாடகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்கிறது நாட்குறிப்பு. சனி முதல் திங்கள் வரை இரண்டு இரவுகள். மூன்று நாட்கள் என்றே கணக்கிட்டாலும் பதினெட்டு ஷில்லிங். பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆகவே மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். நினைவு பிசகாமல் இருந்தால், கணக்கில் பெரும்பகுதி அறைக்கு ஆனதன்று. உண்ணாத உணவுக்கும் மற்றச் சில்லறைகளுக்கும் ஆனது. விக்டோரியா காலத்து ஆங்கில விடுதிகளில் அறை வாடகை வேறு, பணியாளர் கட்டணம் வேறு, மெழுகுவத்திக்குக் கட்டணம் வேறு என்று தனித்தனியே எழுதிக் கூட்டும் வழக்கம் இருந்தது. 1889-இல் திறக்கப்பெற்ற சவாய் ஹோட்டல், விளக்குக்கும் குளியலுக்கும் பணிக்கும் தனிக் கட்டணம் இல்லை என்று பெருமையாக விளம்பரம் செய்துகொண்டது என்றால், மற்ற இடங்களின் போக்கை ஊகித்துக்கொள்ளலாம். கதவில் எழுதிய வாடகையைக் கேட்டிருந்தாலும் முழு உண்மை தெரிந்திராது என்பதே இதன் பொருள். அந்நாளில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் கிடைத்தது. மூன்று பவுன் என்றால் ஏறத்தாழ 45 ரூபாய்! தமையனார் கடன்பட்டு அனுப்பிய பணத்தில் இரண்டே இரவுகளின் செலவு அது.

இத்தொகையைப் பற்றி மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. சுதந்திரத்திற்குப் பின்னர் அந்நியச் செலாவணி முடை மிகுந்திருந்த காலத்தில், 1960-களில் வேலை தேடி இங்கிலாந்து சென்ற நம்மவர் பலர், மூன்று பவுன் மட்டுமே கையில் கொண்டு லண்டன் விமான நிலையத்தில் இறங்கினர். அதற்கு மேல் கொண்டுசெல்லச் சட்டம் இடம் தரவில்லை. அவர்களுக்கு எந்த விடுதி என்ற ஆராய்ச்சிக்கே வழியில்லை. உறவினர் வீட்டுக் கூடமே விடுதி. அந்நிலை பின்னர் மாறியது. 2004-இல் ஓர் இந்தியர் ஆண்டொன்றுக்கு 25,000 டாலர் வரை தாராளமாக வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி வழி செய்தது; 2015-இல் அவ்வரம்பு இரண்டரை லட்சம் டாலராக உயர்ந்தது. சட்டம் தடுத்த நாளில் கேள்வியும் இல்லாதிருந்தது. சட்டம் விட்ட பின்னர் கேள்வி நம்மிடமே திரும்பி வந்துவிட்டது.

நிற்க. காந்தி விடுதியை விட்டு, சிந்து தேசத்து நண்பர் ஒருவர் அமர்த்திக் கொடுத்த அறைகளுக்குச் சென்றார். செலவு குறைந்தது, மனம் ஆறவில்லை. இரவில் தாயின் நினைவு வந்து கண்ணீர் பெருகியதாக எழுதுகிறார். டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா வந்து பார்த்து, இவ்விடம் சரிப்படாது, நாம் இங்கே வருவது படிப்புக்காக மட்டுமன்று, இந்நாட்டு வாழ்க்கையை அறிந்துகொள்வதற்காகவும் ஆகும், ஆகவே ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். அது நல்ல அறிவுரையே. குடும்பத்தோடு தங்கியதால் பழக்க வழக்கங்கள் தெரிந்தன. ஆனால் அதற்கும் ஒரு மறைமுகச் செலவு இருந்தது. வாரந்தோறும் தவறாமல் தொகை செலுத்துவதோடு, வீட்டாரை அவ்வப்போது வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்லும் மரியாதையும் சேர்ந்துகொண்டது.

இச்செலவு அவர் கண்ணில் பட்டது எப்படி? பஸ் கட்டணம், தபால் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த இரண்டு காசு, எல்லாவற்றையும் எழுதி, படுக்கைக்குச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். செலவைப் பாதியாகக் குறைப்பது என்று தீர்மானித்தார். குடும்பத்தை விட்டுத் தனி அறைகள் எடுத்தார். அவற்றைத் தேர்ந்தெடுத்த முறையே நாம் கவனிக்க வேண்டியது. தமக்கு வேலை உள்ள இடத்திற்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லும் தொலைவில் அறை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். வாடகையையும் வண்டிச் சத்தத்தையும் அவர் இரண்டு கணக்காகப் பார்க்கவில்லை. ஒரே கணக்காகப் பார்த்தார். மலிவான அறை என்று ஊருக்கு வெளியே தங்கி, நாள்தோறும் வண்டிக்குக் கொட்டிக் கொடுப்பவர் இன்றும் உளர். நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்ததால் அவர் உடலும் உறுதிப்பட்டது.

அதன் பின்னும் குறைக்க இடம் இருந்தது. ஏழை மாணவன் ஒருவன் வாரம் இரண்டு ஷில்லிங் வாடகைக்குச் சேரியில் ஓர் அறையில் வாழ்ந்து, வேளைக்கு இரண்டு பென்ஸுக்குக் கோக்கோவும் ரொட்டியும் உண்டு காலந்தள்ளுவதை அவர் அறிந்தார். அவனைப் போல் வாழ்வது தம்மால் ஆகாது என்று ஒப்புக்கொள்கிறார். அவ்வொப்புதல் நமக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு அறைகளுக்குப் பதில் ஒன்று போதுமே! ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கோக்கோவுக்கு வெந்நீர் வைக்க இருபது நிமிஷங்கள். பகலுணவு வெளியில், இரவில் ரொட்டியும் கோக்கோவும். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவு முடிந்தது. மாதம் நாலைந்து பவுன் மிச்சம். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் இருந்தபொழுது, லண்டன் செல்லும் மாணவருக்கென ஒரு வழிகாட்டி நூல் எழுதி, வாரம் ஒரு பவுனில் அங்கே வாழ முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்நூல் அக்காலத்தில் அச்சேறவில்லை.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், சிக்கனத்தின் சிறப்பு என்று தலைப்பிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். ஆனால் 1906-இல் அதே காந்தி மீண்டும் லண்டன் வந்தார். இம்முறை தங்கியது எங்கே தெரியுமா? முதல் ஓரிரு நாட்கள் ஹைகேட்டில் சியாம்ஜி கிருஷ்ணவர்மாவின் இந்தியா ஹவுஸில். பின்னர் ஸ்ட்ராண்ட் வீதியில் ஹோட்டல் சிசில்! 1896-இல் திறக்கப்பெற்ற அது 800 அறைகள் கொண்டது. அந்நாளில் ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஹோட்டல் என்று பெயர் பெற்றது. விக்டோரியா ஹோட்டலைக் கண்டு அதிர்ந்தவர், அதனினும் பெரிய மாளிகையில் ஏன் தங்கினார்?

இம்முறை அவர் மாணவர் அல்லர். டிரான்ஸ்வால் இந்தியர் மீது சுமத்தப்பெற்ற பதிவுச் சட்டத்தைத் தடுக்குமாறு கேட்க, ஹாஜி ஓஜர் அலியுடன் தூதராக வந்தவர். ஆறு வாரங்களுக்குள் அமைச்சரைக் காண வேண்டும், பார்லிமெண்ட் அங்கத்தினரைத் திரட்ட வேண்டும், பத்திரிகைகளுக்கு எழுத வேண்டும். எழுதிய கடிதங்களின் தலைப்பில் ஹோட்டல் சிசில் என்ற முகவரி இருந்தது. ஏகாதிபத்தியத்தின் தலைநகரில், கறுப்பு மனிதர் இருவர் எழுதிய கடிதத்தைச் செயலாளர் பிரிப்பதா வேண்டாவா என்று தயங்கும் அந்த ஒரு கணத்தில், முகவரிக்கும் ஒரு விலை உண்டு என்றே நாம் கருதுகிறோம். 1906 நவம்பர் 8-ஆம் நாள் அமைச்சர் எல்ஜின் பிரபு தூதுக்குழுவைச் சந்தித்தார். சென்னைக் கவர்னராக இருந்து திரும்பிய ஆம்ப்தில் பிரபு, தென்னாப்பிரிக்க இந்தியருக்காக அங்கே அமைந்த குழுவின் தலைவரானார். சட்டம் அப்போதைக்கு நிறுத்தப்பெற்றது. 1907-இல் டிரான்ஸ்வால் சுயாட்சி பெற்றதும் அதே சட்டத்தை மீண்டும் இயற்றிக்கொண்டது வேறு கதை.

செலவிட்ட பணமோ, சிறு வணிகரும் தலைச்சுமை வியாபாரிகளும் கொடுத்தது. ஆதலால் அவர் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்திருந்தார். கப்பலில் வாங்கிய சோடாவுக்கும் ரசீது உண்டு. பெரிய ஹோட்டலில் தங்கியவரும், சோடா ரசீதை மடித்து வைத்தவரும் ஒருவரே என்பதை மறத்தலாகாது.

1909-இல் மீண்டும் ஒரு தூது. இம்முறை சில நாட்கள் சிசிலில் இருந்து, பிறகு பார்லிமெண்டுக்கு அருகே வெஸ்ட்மின்ஸ்டர் பாலஸ் ஹோட்டலுக்கு மாறினார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கியும் பயன் கிட்டவில்லை. இத்தூதுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் நால்வர். அவர்களுள் தமிழர் நலச் சங்கத்தின் தலைவராகிய வி. ஏ. செட்டியாரும் ஒருவர். கப்பல் புறப்படுமுன்னரே அவரும் கச்சாலியாவும் கைது செய்யப்பெற்றனர். லண்டன் ஹோட்டலில் தங்கியிருக்க வேண்டிய தமிழர் டிரான்ஸ்வால் சிறையில் தங்கினார். ஹாஜி ஹபீபும் காந்தியும் மட்டுமே பயணமாயினர்.

இனி, நம் நாட்டவர் ஒருவரைக் காண்போம். 1914 ஏப்ரல் 14-ஆம் நாள் கும்பகோணம் இராமானுஜன் லண்டன் வந்து சேர்ந்தார். அவர் விடுதி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குரோம்வெல் சாலையில் 21-ஆம் எண் கட்டடத்தில் இந்திய மாணவரை வரவேற்கும் நிலையம் இருந்தது. அங்கே சில நாட்கள், பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் என்னும் பேராசிரியர் இல்லத்தில் சில வாரங்கள், பிறகு டிரினிடி கல்லூரி அறை. சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுன் ஊரில் அன்னைக்குச் சென்றது. கல்லூரியும் 60 பவுன் சேர்த்துக் கொடுத்தது. அவரோ அறையிலேயே தாமே சமைத்து உண்டார். ஒருநாள் மகலனோபிஸ் அவர் அறைக்குச் சென்று, இரவில் குளிரைத் தாங்க என்ன செய்கிறீர் என்று கேட்டார். மேற்சட்டையையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு படுப்பதாகச் சொன்னார் இராமானுஜன். கட்டிலைப் பார்த்தால், கம்பளிகள் பல அழகாக விரித்து ஓரங்கள் செருகப்பெற்றிருந்தன! அவற்றினுள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. கட்டணம் கொடுத்துப் பெற்ற வசதியும், அதைப் பயன்படுத்தும் வகை அறியாதவனுக்கு இல்லாததே போலும். மேதைக்கு வந்த இந்த இடர், நம்மில் எவருக்கும் வரக்கூடியது. 1919 ஜனவரியில் பல்கலைக் கழகம் புதிதாக அளித்த 250 பவுன் உதவியைப் பற்றி எழுதும்போது, பெற்றோருக்கு 50 பவுனும் தமக்கு வேண்டிய அளவும் போக, எஞ்சியதை ஏழைச் சிறுவரின் கல்விக்கு ஆக்குமாறு கேட்டுக்கொண்டார்.

குரோம்வெல் சாலை நிலையத்தை மாணவர் பலர் முழுமனத்தோடு ஏற்கவில்லை. அரசாங்கத்தின் கண்காணிப்பு அங்கே உண்டென்று ஐயுற்றனர். பெரிய ஹோட்டலுக்குப் பணம் இல்லை, வாடகை வீட்டுக்காரரோ நிறம் பார்த்துக் கதவைச் சாத்துவர், அரசாங்க விடுதியிலோ வாய் திறந்து பேச அச்சம். இம்மூன்றுக்கும் நடுவே ஒரு வழி கண்டவர் சேலத்தைச் சேர்ந்த தமிழர் கே. டி. பால். ஒய். எம். சி. ஏ. இயக்கத்தின் இந்தியப் பொதுச் செயலாளராக முதன்முதல் அமர்ந்த இந்தியர் அவரே. அவர் முயற்சியால் 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தோன்றின. தங்குவதற்கு அறை, உண்பதற்கு நம் நாட்டு உணவு, பேசுவதற்குக் கூடம், எல்லாம் மாணவர் கைக்கு எட்டும் செலவில் அமைந்தன. கே. டி. பால் முதல் வட்டமேஜை மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பி, 1931 ஏப்ரலில் காலமானார். உலகப் போரில் குண்டு விழுந்து அவ்விடுதி சேதமுற்றது. 1953-இல் பிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது.

பால் மறைந்த அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்குக் காந்தியடிகள் வந்தார். ஆகாகான் ரிட்ஸ் ஹோட்டலில் இருந்தார். காந்தியடிகளோ கிழக்கு லண்டனில், தொழிலாளர் வாழும் பகுதியில், மியூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி ஹாலின் மேல்தளத்துச் சிற்றறையில் தங்கினார். மாநாட்டு மண்டபத்திலிருந்து அது வெகு தொலைவு என்று நண்பர்கள் குறைப்பட்டனர். ஆதலின் நைட்ஸ்பிரிட்ஜில் அலுவலுக்கென ஓர் இடம் அமர்த்த வேண்டியதாயிற்று. வாடகையும் வண்டிச் சத்தமும் ஒரே கணக்கு என்று இளமையில் கண்டவர், இம்முறை அக்கணக்கைத் தெரிந்தே ஒதுக்கினார். முகவரியின் விலையும் இப்போது தலைகீழாகிவிட்டது. அவர் தங்கியதால் அந்தச் சிற்றறைக்குப் பத்திரிகைக்காரரும் பிரமுகரும் தேடி வந்தனர்.

ஹோட்டல் சிசில் 1930-இல் பெரும்பகுதி இடிக்கப்பெற்றது. விக்டோரியா ஹோட்டல் உலகப் போரின்போது அரசாங்க அலுவலகமாயிற்று; பின்னரும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. நார்தம்பர்லாந்து ஹவுஸ் என்ற பெயரோடு அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. லண்டன் பொருளாதாரக் கல்லூரி அதனை மாணவர் விடுதியாக நடத்துகிறது. பல நாடுகளிலிருந்தும் வரும் மாணவர் அங்கே வாரக் கணக்கில் வாடகை செலுத்தித் தங்குகின்றனர்.